வெள்ளைச் சேற்றில் இரண்டு மணி நேரம்

புதிதாக ஓட்டப் பந்தய நடுவர்களாகத் தேறியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி முகாமில் எடுத்த படத்தை ஒருவர் கொண்டுவந்து காட்டினார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா என்று எல்லோரும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நிற்கிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகாமுக்காக அச்சிடும் சிறப்பு மலருக்கு விதிகளைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். விதிகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் இப்போதுதான் படித்தவர்கள், நான் படித்து மறந்தவன். ஆகவே விதிகள் எல்லாம் சரியாகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரு காலை நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு, நான் அன்று சரியாக நடந்துகொண்டேனா என்று எனக்குக் கடிதம் போட வேண்டாம். அந்தக் கேள்வியை நானே போதுமான அளவு கேட்டுக்கொண்டாகிவிட்டது.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன். பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக் கொடுத்தது சம்பளத்துக்கு. சனி ஞாயிறுகளில் கொடியும் விசிலுமாக ஊர் ஊராகப் போய் நடுவர் வேலை பார்த்தது ஆசைக்கு. நான் சொல்லும் காலம் அறுபதுகளின் நடுப்பகுதி.

அப்போது இரண்டு மணி நேர ஓட்டம் என்று ஒன்று உண்டு. இத்தனை மைல் என்று கணக்கு வைத்து ஓடுவதில்லை. துப்பாக்கி வெடித்ததும் ஓடத் தொடங்கி, இரண்டு மணி நேரம் முடிந்து மறுபடி துப்பாக்கி வெடிக்கும்போது எங்கே நிற்கிறாயோ அதுவரை உன் தூரம். சுற்றுப் பாதையில் ஓட வேண்டும். அதில் உலக சாதனை வைத்திருந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் வைத்துவிட்டுப் போனது. அப்புறம் யாரும் தொடவில்லை. அதிகம் பேர் ஓட முன்வராத ஓட்டம் என்பதும் அதற்கு ஒரு காரணம். வேறு எவர் இரண்டு மணி நேரம் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்?

காதர் வருவான். பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவன். ஆட்டுத்தோலின் ரோமம் உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் குழிக்குள் இறங்கி நின்று தோலைப் புரட்டிப் போட வேண்டும். வேலை முடிந்ததும் செம்பட்டி ரோட்டில் வெறுங்காலோடு ஓடப் போவான். அந்த ரோட்டு பஸ் டிரைவர்கள் அவனைத் தாண்டும்போது ஆரன் அடித்துக் கேலி செய்வார்கள். சில நாட்களில் அவன் பஸ்ஸைத் தாண்டிப்போய் அடுத்த நிறுத்தத்தில் நின்று அவர்களைக் கேலி செய்வான். செருப்போ கான்வாஸ் ஷூவோ அவனுக்கு ஒத்துவரவில்லை. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் காலை வைத்து வைத்து, தோல் பதமாவது போல அவன் பாதமும் பதமாகியிருந்தது.

அவனை முதலில் பார்த்து அசந்துபோனவன் நான்தான் என்று எல்லோரும் சொல்வோம். யார் முதலில் பார்த்தது என்பதில் எங்கள் ஊரில் இன்றும் தகராறு உண்டு. அதை விடுங்கள். மாகாண அளவில் பேசி, அளவு கண்டு, கடிகாரம் சரிபார்த்து, மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள மைதானத்தில் ஒரு பங்குனி மாதக் காலையில் அந்த ஓட்டத்துக்கு ஏற்பாடானது. உடன் ஓடப் பட்டாளத்திலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாம் விதிப்படி நடந்து காதர் அந்தத் தூரத்தைத் தாண்டினால் அது உலகத்துக்கே கணக்கு.

இங்கேதான் எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாசம் வந்துவிட்டால் எங்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

ஷாப்பு முதலாளி, காதர் கால் கெட்டுவிடக் கூடாது என்று மூன்று மாதமாக அவனைக் குழியில் இறங்கவிடவில்லை. பட்டைக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார். நல்ல மனசோடு செய்ததுதான். பாதத்து வெடிப்பெல்லாம் ஆறித் தோல் இளகிவிட்டது. அடுத்து, கோடு. வழக்கமாக நாங்கள் கோலம் போடும் வெள்ளைக்கல் மாவில்தான் பாதைக்குக் கோடு போடுவோம். முந்தின நாள் சாயங்காலம் ஷாப்பு ஆட்கள் மூட்டையோடு வந்துவிட்டார்கள்.

“எங்க ஆளு ஓடுற கோட்ட எங்க சுண்ணாம்புலதான் சார் போடணும். நல்லாப் பளிச்சுன்னு தெரியும், பாருங்க” என்றார்கள்.

காய்ந்த மாவுதானே, பளிச்சென்றுதானே இருக்கிறது என்று எல்லோரும் சம்மதித்தோம். உள்கோடு முழுவதும் ஷாப்புச் சுண்ணாம்பு விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது.

விடிந்ததும் பெண்கள் வந்தார்கள். திண்டுக்கல்லில் பங்குனியில் தண்ணீர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு குடத்துக்காகக் குழாயடியில் கொண்டையைப் பிடித்துக்கொள்கிற ஊர். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பெண்கள் வீட்டுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு வரிசையாக மைதானத்துக்கு வந்தார்கள்.

“தூசி கெளம்பி காதரு தொண்டையில போச்சுன்னா? நல்லாத் தெளிச்சு விடுங்க, நாங்க ஒருநாள் குளிக்காமக் கெடந்தா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம்” என்றார் ஓர் அம்மா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதை முழுவதும் தெளித்தோம். செம்மண் தூசி அடங்கி, மண்வாசனை வந்தது. சுண்ணாம்புக் கோடும் நனைந்தது. யாரும் தப்புச் செய்யவில்லை. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், அன்றைக்கு யார் கையையும் பிடித்து நீதான் என்று சொல்ல முடியவில்லை.

இனித் தலைமை நடுவர். மதுரையிலிருந்து வந்தவர். பெயர் எழுதப்போவதில்லை, உயிரோடு இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஒல்லியான ஆள். சிரித்து நான் பார்த்ததில்லை. மைதானத்துக்குள் கால் வைத்தால் வெற்றிலைகூடப் போட மாட்டார். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை அச்சில் ஏற்ற முடியாது. அவர் மேசை தொடக்கக் கோட்டருகே. எனக்குக் கொடுத்தது கிழக்கு வளைவு. ஓடுகிறவன் கோட்டுக்கு உள்ளே மிதிக்கிறானா, யாராவது அவனைத் தொடுகிறார்களா, தண்ணீர் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. வெளியிலிருந்து ஒரு கை உதவி கிடைத்தாலும் ஓட்டம் செல்லாது.

என் வளைவில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு மீரான் பாய் உட்கார்ந்திருந்தார். காதருடைய அத்தா. அதே ஷாப்பில் அதே குழியில் ஆயுசு முழுக்க நின்றவர். இரண்டு பாதத்திலும் நகம் என்று ஒன்று கிடையாது. விரல் ஊன்ற முடியாமல் குதிகாலால்தான் நடப்பார். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறேன் என்று முதலாளி கூப்பிட்டும் போகவில்லை. வளைவில் திரும்பும்போது மகன் முகம் நேரே தெரியும் என்று இங்கே வந்து உட்கார்ந்தார்.

துப்பாக்கி வெடித்தது. அழகாக ஓடினான். உள்கோட்டை ஒட்டி, ஒரு அடி கூட வீணாக்காமல். வெளியே தள்ளி வைக்கிற ஒவ்வொரு அடியும் கணக்கில் வராத அடி என்று அவனுக்கு நாங்கள் பாடம் பண்ணி வைத்திருந்தோம். முதல் ஒரு மணி நேரம் முடிந்தபோது மேசையிலிருந்து சாதனைக்கு மேலே போகிறான் என்று செய்தி வந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் கோட்டை மேலிருந்த புறா எல்லாம் எழுந்து பறந்தது.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். முழுப் பாதம் ஊன்றி ஓடுகிறவன், பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றினான். தெளித்த தண்ணீரிலும் பட்டாளத்துக்காரர்களின் ஷூ மிதியிலும் உள்கோடு கரைந்து ஓடுபாதைப் பக்கமாகப் பரவி, ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைச் சேறாகக் கிடந்தது. காதர் அதற்குள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தான். அவன் கடந்து போகும்போது தூக்கிய பாதத்தின் அடி தெரிந்தது. நெருப்பில் வாட்டியது போல் சிவந்திருந்தது.

“என்ன பாய், காதர் கால ஒரு மாதிரி வைக்கிறானே?” என்றேன்.

மீரான் பாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “சுண்ணாம்பு புடிச்சிருச்சு சார். ஈரத்துல கெடந்தா அது சும்மா இருக்குமா?”

“தெரிஞ்சும் சும்மா இருக்கீங்களே! அவனுக்குத் தெரியுமா?”

“குழியில நின்னவனுக்குத் தெரியாதா? மொதச் சுத்துலயே தெரிஞ்சிருக்கும்.”

“நிப்பாட்டிருவோம் பாய்.”

அப்போதுதான் திரும்பினார். “நிப்பாட்டாதீங்க சார். இத்தன வருசமும் முதலாளிக்காகத் தின்னுச்சு, எங்க கால. இன்னைக்கு ஒருநாள் அவனுக்காகத் தின்னட்டும். விட்டுருங்க.”

என்னால் விட முடியவில்லை. என் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டு, மைதானத்தின் குறுக்கே மேசைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் தலைமை நடுவர் ஓட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“காலில் தண்ணீர் ஊற்றச் சொல்லலாமா?”

“ஊத்தினா உதவி. அந்த நிமிஷமே ஓட்டம் முடிஞ்சுது.”

“நிறுத்தலாமா?”

பக்கத்தில் இருந்த டாக்டரைப் பார்த்தார். காலைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். காலைப் பார்க்க வேண்டுமானால் அவன் நிற்க வேண்டும்.

தலைமை நடுவர் காதர் அடுத்த வளைவு திரும்பும் வரை பார்த்தார். பிறகு, “உள்கோட்டோரம் பாதை கெட்டுப் போச்சு. அதச் சொல்றது உதவி இல்ல, நம்ம கடமை. எல்லாருக்கும் சொல்லுங்க, அவனுக்கு மட்டும்னு தனியாச் சொல்லக் கூடாது. வெளிய தள்ளி ஓடலாம். ஆனா நாம ஓட்டத்துக்கு முன்னால அளந்தது உள்கோட்டுப் பாதைய. கணக்கு அதுக்குத்தான்” என்றார்.

திரும்பி என் வளைவுக்கு வந்து சத்தம் போட்டுச் சொன்னேன். ஷூ போட்டிருந்த பட்டாளத்துக்காரர்கள் எதற்கு என்று புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். காதர் வந்தான். “காதரு! உள்ள சேறு! வெளிய தள்ளி ஓடு!” என்றேன். காதில் விழாதது போலப் போய்விட்டான். அடுத்த சுற்றிலும் சொன்னேன். போகிற போக்கில், தலையைத் திருப்பாமல் கேட்டான்.

“வெளிய ஓடுனா கணக்குல வருமா சார்?”

நான் வாயைத் திறப்பதற்குள் தாண்டிப் போய்விட்டான். அவன் மறுபடி என் முன்னால் வருவதற்கு ஒரு சுற்று நேரம். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான். தம்பி தங்கைகளே, என் பணிக்காலம் முழுவதிலும் நான் யோசித்த நேரம் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பழக்கத்தில் செய்தது.

“வரும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பி வெளியே வந்துவிடுவான். கால் தப்பிக்கும். ஓட்டம் முடிந்து கணக்கு வராதபோது என்னைத் திட்டுவான், அடிக்கக்கூடச் செய்வான். வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அவன் இன்னும் முப்பது வருடம் சோறு தின்ன வேண்டும். ஒரு பொய்க்கு இது பெரிய விலை இல்லை என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு வேறு சொன்னது. அவன் உன்னைக் கேட்டது நீ டிரில் மாஸ்டர் என்பதற்காக இல்லை. கையில் கொடியோடு நிற்கிறவன் சொல்வது சரியாக இருக்கும் என்று நம்பிக் கேட்டான். பந்தயத்தின் நடுவில் அவனுக்கு வேறு யாரையும் கேட்க வழியில்லை. அவன் காலை என்ன செய்வது என்பது அவன் தீர்மானிக்க வேண்டியது. அதற்கு அவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இப்படி நான் தெளிவாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். இப்போது எழுதும்போது தெளிவாக வருகிறது. அப்போது அவன் வந்து சேர்வதற்குள் ஒரு வார்த்தை கிடைக்க வேண்டுமே என்றுதான் இருந்தது.

வந்தான். உதட்டைக் கடித்திருந்தான். என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“வராது!” என்றேன்.

தலையை ஒரு தடவை ஆட்டினான். அவ்வளவுதான். சேற்றுக்குள்ளேயே போனான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், கொடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் மீரான் பாய் நான் சொன்னதைக் கேட்டார், மகன் தலையாட்டியதையும் பார்த்தார். சற்று முன் விட்டுவிடுங்கள் என்று சொன்ன மனிதர். அடுத்த சுற்றில் அவன் திரும்பும்போது கவிழ்த்த கூடையை விட்டு எழுந்து நின்றார். அதற்கடுத்த சுற்றில் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அப்புறம் நான் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை.

குதிகாலால் நடந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து, வளைவு முடிகிற இடத்துக்குப் போயிருந்தார். பாதை அங்கே கொஞ்சம் தாழ்வு. தெளித்த தண்ணீரெல்லாம் வந்து தேங்கி, சேறு அங்கேதான் கெட்டியாகக் கிடந்தது. அந்த மனிதர் பாதையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் சுண்ணாம்புச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். துண்டு போதவில்லை என்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே போட்டார். எதிர்ப்பக்கம் காதர் வந்துகொண்டிருந்தான்.

வெளியாள் பாதையைத் துடைத்து, துடைத்த இடத்தில் அவன் கால் பட்டால் அது உதவி. சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டியவன் நான். தூக்கினால் சாதனையும் இல்லை, இத்தனை நேரம் வெந்த காலுக்கு ஒரு பொருளும் இல்லை. “பாய்! எந்திரிங்க பாய்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அள்ளிக்கொண்டே இருந்தார்.

காதர் பார்த்துவிட்டான். வளைவின் நடுவில் இருந்தவன் ஒரே எட்டில் சேற்றை விட்டு வெளியே, இரண்டாவது பாதைக்குத் தாவினான்.

“அத்தா! கைய எடுங்க! நா வெளிய வந்துட்டேன், பாருங்க! கைய எடுங்கத்தா!”

கத்தியபடியே அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனான். மீரான் பாய் நிமிர்ந்து பார்த்தார். கை இரண்டும் மணிக்கட்டு வரை வெள்ளையாக இருந்தது. நான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து விட்டேன். அவர் கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு கூடை மேல் உட்கார்ந்தார்.

தலைமை நடுவர் தானே நடந்து வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

“அவர் தொடச்ச எடத்துல இவன் கால் பட்டுச்சா?”

“இல்லை.”

“நீங்க பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அப்ப ஒண்ணுமில்ல. ஓடட்டும்.” திரும்பிப் போகும்போது மீரான் பாயைப் பார்த்து நின்றார். பிறகு மேசைக்குப் போனார்.

அதற்குப் பிறகு காதர் உள்ளே வரவே இல்லை. உள்ளே போனால் அத்தா மறுபடி மண்டியிடுவார் என்று அவனுக்குத் தெரியும். கணக்கில் வராத தூரத்தையும் சேர்த்து ஓடினான். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக ஓடினான். அவன் பாதம் பட்ட இடமெல்லாம் செம்மண்ணில் வெள்ளையாகப் பதிந்தது. இரண்டாவது பாதையில் சுற்றி வரிசையாக வெள்ளைப் பாதங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் வெள்ளை குறைந்து வேறு நிறம் தெரிந்தது. அதை எழுத வேண்டாம். கூட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. குடம் கொண்டுவந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கடைசித் துப்பாக்கி வெடித்தபோது என் வளைவுக்குச் சற்று முன்னால் இருந்தான். நின்றான். நின்ற இடத்தில் தூரத்துக்கு அடையாளமாக முளை அடிக்க வேண்டியவன் நான். நான் போய்ச் சேரும் வரை அசையாமல் நின்றான்.

“அடிச்சாச்சா சார்?”

“அடிச்சாச்சுப்பா.”

அப்புறம்தான் உட்கார்ந்தான்.

கணக்குப் போட்டார்கள். வெளிநாட்டுக்காரரின் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்து எதிர் டீக்கடைக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை சுற்றும் வெளிப்பாதையில் அவன் கூடுதலாக ஓடியது அதைவிட எவ்வளவோ அதிகம் என்பது மைதானத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும்.

முதலாளி மேசைக்கு வந்தார். அவர் ஒன்றும் கத்தவில்லை. கும்பிட்டுத்தான் கேட்டார். “சார், பையன் வெளிய ஓடுனத அம்புட்டுப் பேரும் கண்ணால பாத்தோம். இந்தா, கால்தடம் அச்சடிச்ச மாதிரி வெள்ளையாக் கெடக்கு. அந்தத் தடத்தோட சங்கிலி போட்டு அளந்து பாருங்க சார். ஒலகத்துல எவன் வந்து கேட்டாலும் நாங்க சாட்சி சொல்றோம்.”

“நானும் பாத்தேன்” என்றார் தலைமை நடுவர். “ஓட்டத்துக்கு முன்னால அந்தப் பாதைய யாரும் அளக்கல. ஓடி முடிச்ச பிறகு அளந்து எழுதற வழக்கம் எங்கயும் இல்ல.” சொல்லிவிட்டு, குறைவான தூரத்தை எழுதியிருந்த தாளில் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். போட்டேன்.

அவ்வளவு நேரம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் உடைந்தது. “அள! அள!” என்று கத்திக்கொண்டு நாலாபக்கமிருந்தும் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்கினார். ஒரு கல்லும் வந்து விழுந்தது. போலீஸ்காரர்கள் விலக்கிவிட்டு எல்லாம் அடங்கியபோது முதலாளி பாதையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். வெள்ளைத் தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. அளக்கச் சொல்லி ஓடிவந்தவர்கள் அத்தனை பேரும் அதன் மேலேதான் ஓடிவந்திருந்தார்கள்.

சாயங்காலம் தலைமை நடுவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். எனக்கு அவர் மேல் கோபம்தான். பஸ் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக அவராகவே சொன்னார்.

“அளக்கிறதுல தப்பு ஒண்ணுமில்ல. சும்மா தெரிஞ்சுக்க அளக்கலாம். ஆனா அளந்து பாத்துட்டு, அந்த எண்ணை எழுதாம இருக்கிற தெம்பு எனக்கு இல்ல சார்.”

அவரை நான் அதுவரை கல் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அந்தப் பட்டப்பெயரை நான் சொன்னதில்லை. நீங்கள் நாளைக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடும்போது உங்களுக்கும் அழுகை வரலாம், கோபம் வரலாம். அதெல்லாம் தாளில் இருக்காது. இருக்கவும் கூடாது. ஆனால் அது வராமலே கையெழுத்துப் போடப் பழகிவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து கொடியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

“வராது” என்று நான் சொன்னதைப் பற்றியும் கேட்பீர்கள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையால் அவன் கால் இன்னும் சில சுற்றுகள் கூடுதலாக வெந்தது. அதை நான் மறக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் எந்தப் பிள்ளை முகத்தையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழுந்திருக்காது. இந்த இரண்டையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முடிவு தெரியாமலே காதரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஊரே வந்து போயிருந்தும், தூரம் குறைந்த விஷயத்தை அவனிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அது என் வேலை என்று எனக்குப் பட்டது.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில். காதருக்கு இரண்டு பாதத்திலும் கணுக்கால் வரை கட்டு. அடுத்த கட்டிலில் மீரான் பாய். அவருக்கு இரண்டு கையிலும் கட்டு. துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு மாலை வரை யாரிடமும் அவர் காட்டவில்லையாம். குழிக்குள் இறங்கும்போது விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். அன்று வெறுங்கையால் அள்ளியிருந்தார். வீட்டிலிருந்து வந்த சோற்றை அவரால் பிசைந்து தின்ன முடியவில்லை. காதர் தன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அத்தாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. “கணக்கு என்ன சார் ஆச்சு?”

சொன்னேன். எவ்வளவு குறைவு என்பதையும் சொன்னேன். தடத்தை அளக்கவில்லை என்பதையும், இனி அளக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

காதர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். மீரான் பாய் கட்டுப் போட்ட கைகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னாலதானப்பா?” என்றார். “நா கைய வச்சனாலதானே நீ வெளிய வந்த?”

காதர் சோற்றை உருட்டினான். வெஞ்சனத்தை அதன் மேல் வைத்தான்.

“சேறு சுட்டுச்சு, வந்தேன்” என்றான். “வாயத் தெறங்கத்தா.”